தோளைப் பார்த்து வாங்குங்கள், மற்றதைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"அக்கா, எனக்கு 25 வயது. அம்மாவோடு இருக்கிறேன். கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. வாடகையும் கரண்ட் பில்லும் போக உடுப்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் பழைய உடுப்பு விற்கும் இடங்களிலும், புறக்கோட்டை நடைபாதையிலும், ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடைகளிலும் வாங்குகிறேன். கையில் எடுத்துப் பார்க்கும்போது வடிவாக இருக்கிறது. வீட்டில் போட்டுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய உடுப்பைப் போட்டதுபோல் இருக்கிறது. அலுமாரி நிறைந்துவிட்டது, காலையில் போட ஒன்றுமில்லை. 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் ஐந்து நாளும் ஸ்டைலாக வேலைக்குப் போக முடியுமா? இன்னொன்று, அம்மாவுக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. '95 இல் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் இருந்தபோது ஆரோ தந்த உடுப்பைப் போட்டது போதும், நீ ஏன் திரும்ப அதைச் செய்யிறாய்' என்று சண்டை பிடிக்கிறா."

அன்புள்ள தங்கச்சிக்கு,

"யாரோ ஒருவருடைய உடுப்பைப் போட்டதுபோல்" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. அந்த உடுப்பு வேறொருவரின் தோளுக்கும் இடுப்புக்கும் வெட்டியது. நீங்கள் வாங்கித் துவைத்து அப்படியே போட்டுக்கொண்டு போகிறீர்கள். அதை உங்கள் உடம்புக்குக் கொண்டுவரும் வேலை நடுவில் நடக்கவே இல்லை. அந்த வேலைக்கும் காசு ஒதுக்க வேண்டும். 15,000 ரூபாயில் 9,000க்கு உடுப்பு, 5,000 தையலுக்கு, மிச்சம் 1,000 பொத்தானுக்கும் நூலுக்கும். இப்படிப் பிரித்தால் உடுப்பின் எண்ணிக்கை குறையும். குறையட்டும். போட முடியாத பத்தைவிடப் போடக்கூடிய ஆறு மேல்.

நான் பம்பலப்பிட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் கட்டுநாயக்கவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் நின்றேன். கப்பலேறும் உடுப்பையும் கழித்து ஒதுக்கும் உடுப்பையும் ஒரே மேசையில் பார்த்துப் பழகிய கண் இது. அந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் தோள். பழைய உடுப்பில் இடுப்பைப் பிடித்து ஒடுக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையைச் சுருக்கலாம். எல்லாம் ஒரு நாள் வேலை. தோளில் கை வைத்தால் கையைப் பிரித்து, கைக்குழியைத் திரும்ப வெட்டி, பிறகு கையின் தலைப்பை அதற்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். கோட் என்றால் உள்துணியையும் பிரிக்க வேண்டும். நீங்கள் உடுப்புக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தையலுக்குக் கொடுப்பீர்கள், அப்படியும் சில நேரம் சரிவராது. ஆகவே தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் தள்ளி விழுந்தால் பரவாயில்லை, இரண்டு விரலென்றால் வைத்துவிட்டு வாருங்கள். வேண்டுமென்றே தோள் இறக்கித் தைத்த தொளதொள உடுப்புகள் வேறு கணக்கு.

நடைபாதையில் போட்டுப் பார்க்க அறை இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் உங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிற ஒரு சேர்ட்டையும் ஒரு காற்சட்டையையும் எடுத்துக் கட்டிலில் விரியுங்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை, தோளிலிருந்து தோள் வரை, இடுப்பின் குறுக்கே, உள்கால் நீளம், இந்த நான்கையும் அளந்து போனில் எழுதி வையுங்கள். கைப்பையில் ஒரு அளவு நாடா இருக்கட்டும். கடையில் உடுப்பை அப்படியே விரித்து அளந்தால் போட்டுப் பார்த்த மாதிரிதான். லேபிளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். ஒரு பிரித்தானிய 12, ஏறக்குறைய அமெரிக்க 8, ஐரோப்பிய 40. அதுவும் கம்பனிக்குக் கம்பனி மாறும். பழைய உடுப்பென்றால் முதல் துவையலில் சுருங்கியும் இருக்கும். நாடா கையில் இல்லாத நாளில், ஜீன்ஸின் பொத்தானைப் பூட்டி, இடுப்புப் பட்டியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். பிடரியில் இரண்டு ஓரமும் முட்டினால் பெரும்பாலும் இடுப்புக்குச் சரியாக வரும். துல்லியமான அளவில்லை, ஆனால் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஏற்றுமதி மிச்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இது ஒரு கொடுப்பினை. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து வெளிநாட்டுக்குத் தைக்கிற உடுப்பில் ஒரு பங்கு இங்கேயே வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஓடெல் என்ற பெரிய உடுப்புக் கடை கூட 80களின் கடைசியில் காரின் பின்பெட்டியில் வைத்து விற்ற ஏற்றுமதி மிச்சத்தில் தொடங்கியதுதான். கழித்த உடுப்பு என்றால் கெட்ட உடுப்பு என்று எடுக்க வேண்டாம். ஆனால் ஏன் கழித்தார்கள் என்று கண்டுபிடிக்காமல் காசு கொடுக்கவும் வேண்டாம். லேபிள் பாதியாக வெட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, பெயரை வைத்து வேறு இடத்தில் விற்கக் கூடாதென்று வெட்டுவார்கள். நீங்கள் தேட வேண்டியது வேறு.

சேர்ட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கையை உடம்புப் பகுதியோடு சேர்த்துப் பிடியுங்கள். ஒரு கை மட்டும் ஒரு சாயல் மங்கலாகத் தெரிகிறதா? அது வேறு துணிச்சுருளிலிருந்து வெட்டியது. மஞ்சள் பல்புக்குக் கீழே தெரியாது, காலி வீதி வெயிலில் அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் காலையில் போங்கள் என்கிறேன், பகல் வெளிச்சத்தில் வாங்கியது ஏமாற்றாது. அடுத்தது, ரீசேர்ட்டின் பக்கத் தையலைத் தொடர்ந்து கீழே பாருங்கள். அக்குளில் தொடங்கும் தையல் கீழே வரும்போது வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால், துணியே முறுக்கிக்கொண்டுவிட்டது. அதை எந்தத் தையல்காரராலும் திருத்த முடியாது, ஒவ்வொரு துவையலிலும் இன்னும் திரும்பும். ஜீன்ஸின் காலிலும் இதே கதைதான். எண்ணெய்ப் பொட்டு, விட்டுப்போன தையல், ஒரு பொத்தான் குறைவு, இதெல்லாம் சந்தோஷமாக வாங்கலாம். அதைக் காட்டி விலையும் குறைக்கலாம்.

ஒருவர் உடுத்த பழைய உடுப்பில் நான்கு இடம் பாருங்கள்: அக்குள், கொலரின் உள்மடிப்பு, தொடையின் உட்புறம், சிப். அக்குளில் மஞ்சள் படிந்து துணி விறைத்திருந்தால் விட்டுவிடுங்கள். தொடையின் உட்புறத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால் துணி நைந்த இடம் தெரியும். சிப் இறுகியிருந்தால் ஒரு மெழுகுதிரியை அதன் பல்லில் தேய்த்தால் ஓடும். பல்லே போயிருந்தால் சிப் மாற்றும் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்புறம் தையலின் உட்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், உள்ளே மடித்து விட்டிருக்கும் துணி அரை அங்குலமாவது இருந்தால் கொஞ்சம் அகலப்படுத்தலாம். ஓரம் பிரியாமல் இயந்திரத்தில் போடும் ஓவர்லொக் தையலை ஒட்ட வெட்டியிருந்தால் பிடித்து ஒடுக்க மட்டும்தான் முடியும்.

துணியைப் பற்றி ஒன்றுதான். ஐரோப்பாக் குளிருக்குத் தைத்த தடித்த ஸ்வெட்டரும் உள்துணி வைத்த கோட்டும் நடைபாதையில் மலிவாகக் கிடக்கும், வடிவாகவும் இருக்கும். 100 இலக்க பஸ்ஸில் நின்றபடி வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகிறவருக்கு அது வேண்டாம். பருத்தி, லினன், ரேயோன் தேடுங்கள். பொலியெஸ்டர் வியர்வை மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்தாலும் உடம்புச் சூட்டில் திரும்ப வரும். லேபிள் இல்லாத உடுப்பில் துணி எதுவென்று சந்தேகம் வந்தால், வீட்டுக்கு வந்தபின் உட்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர் வைத்த பாத்திரத்துக்கு மேலே பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தியும் ரேயோனும் கடதாசி எரிந்த மணம் தந்து சாம்பலாகும். பட்டும் கம்பளியும் தலைமயிர் கருகிய மணம் தரும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். ரேயோனை முறுக்கிப் பிழிய வேண்டாம், ஈரத்தில் அது பலம் இழந்து போகும். நல்ல பச்சை ரேயோன் பிளவுஸ் ஒன்றை அப்படிப் பிழிந்து தோள் தையலோடு கிழித்தவள் நான்.

இனி ஒரு உடுப்பை எடுத்து முழுசாகக் காட்டுகிறேன். போன மாதம் எனக்கென்று வாங்கினேன்: ஆண்கள் போடும் சேர்ட், வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு, நல்ல பருத்தி. தோள் எனக்குச் சரி. கொலரின் மடிப்பு நைந்து வெள்ளை நூல் தெரிந்தது, உடம்பு ஒரு சாக்கு மாதிரி, பொத்தான் எல்லாம் மலிவான பிளாஸ்டிக். கொலரை, அது நிற்கிற பட்டியிலிருந்து பிரித்தேன். இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. நைந்த பக்கம் உள்ளே போகும்படி கொலரைப் புரட்டித் திரும்பத் தைக்கலாம், அந்தக் காலத்துத் தையல்காரர்கள் எல்லோரும் செய்தது. அல்லது கொலரை விட்டுவிட்டுப் பட்டியை மட்டும் மூடித் தைக்கலாம், அப்போது கழுத்தை ஒட்டி நிற்கும் சின்னப் பட்டிக் கொலர் கிடைக்கும். எனக்கு இரண்டாவதில்தான் விருப்பம். சேலை பிளவுஸ் போட்டுப் பழகிய கழுத்துக்கு அது திறந்த மாதிரியும் இருக்கும், அலுவலகத்துக்கு அடக்கமாகவும் இருக்கும். பக்கத் தையலை இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் மட்டும் பிடித்தேன். ஒட்டப் பிடித்தால் ஆண் சேர்ட்டின் அழகே போய்விடும், கொஞ்சம் காற்று ஓடட்டும். கடைசியாகப் பொத்தான். புறக்கோட்டை கெய்சர் வீதிப் பக்கம் போனால் தையல் சாமான் கடைகளில் சிப்பிப் பொத்தான் வாங்கலாம். ஏழு பொத்தானை மாற்ற ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். அந்தப் பொத்தான் ஏறியவுடன் அந்தச் சேர்ட்டின் தரமே மாறிவிட்டது. பார்க்கிறவரின் கண் முதலில் விழுகிற இடம் பொத்தான்தான்.

சரி, ஐந்து நாள் கணக்குக்கு வருகிறேன். உங்கள் அலுமாரி நிறைந்தும் போட ஒன்றுமில்லாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வடிவென்று பார்த்து வாங்கியது. மூன்று நிறம் தேர்ந்தெடுங்கள், அதற்கு வெளியே இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களுக்கு நான் சொல்வது கடுநீலம், வெள்ளை, மஞ்சள் கலந்த ஒரு மண் நிறம். எங்கள் மாநிறத்துக்கு மூன்றும் எடுபடும், தங்கத் தோட்டோடும் சண்டை பிடிக்காது.

வாங்க வேண்டியது ஆறு. கடுநீலத்தில் நேர்கால் காற்சட்டை ஒன்று. இதற்குக் கூடுதலாகக் காசு கொடுங்கள், வாரத்தில் மூன்று நாள் இதைத்தான் போடப் போகிறீர்கள். மண் நிறத்தில் முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை ஒன்று. மேலே நான் சொன்ன மாதிரி ஆண் சேர்ட் ஒன்று, வெள்ளை ரேயோன் பிளவுஸ் ஒன்று, உடம்போடு நிற்கும் நல்ல ரீசேர்ட் ஒன்று. ஆறாவது, முன்னால் திறந்த மெல்லிய லினன் கோட் அல்லது ஒரு நீளக் குர்த்தா. வெளியே 30 பாகை வெயில், உள்ளே அலுவலகத்தின் ஏசி, இரண்டுக்கும் நடுவில் கழற்றவும் போடவும் ஒன்று வேண்டும். மேலே தொளதொளவென்றால் கீழே ஒடுக்கம், கீழே விரிந்தால் மேலே இறுக்கம், இந்த ஒன்றை மறக்காதீர்கள். சேர்ட்டின் முன்பக்கத்தை மட்டும் காற்சட்டைக்குள் செருகி, பின்பக்கத்தை விட்டுப் பாருங்கள், கால் நீளமாகத் தெரியும். மூன்று மேல், இரண்டு கீழ், மேலே ஒரு கோட் என்றால் பன்னிரண்டு விதமாக மாற்றலாம். ஐந்து நாளுக்கு அது தாராளம். வெள்ளிக்கிழமைக்குக் கைத்தறி ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சால்வை ஒன்றை வெறும் வெள்ளை பிளவுஸுக்கு மேலே போட்டால் கடையில் வாங்கிய எந்த ஸ்கார்ஃப்பும் கிட்ட வராது. சப்பாத்தைப் புதிதாக வாங்குங்கள். மற்றவர் காலுக்குப் பழகிய சப்பாத்து உங்கள் காலைக் கெடுக்கும்.

இப்போது அம்மா. இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், கை வரவில்லை.

1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் நானும் நடந்தேன், எனக்குப் பதினொரு வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். உடுப்பு மூட்டை வந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு பச்சைச் சட்டை, பெரிய ஆளுக்குத் தைத்தது. இடுப்பில் கயிறு கட்டிப் போட்டேன். தோள் முழங்கைக்குக் கிட்ட விழுந்து கிடந்தது. தந்தவர்கள் நல்ல மனதோடு தந்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எந்த நிறம் விருப்பம், என்ன அளவு என்று அன்று யாரும் யாரையும் கேட்கும் நிலையில் இல்லை. உங்கள் அம்மா ஞாபகம் வைத்திருப்பது அதை. நீங்கள் தோள் இறங்கிய ஒரு பழைய சட்டையோடு வாசலில் வந்து நிற்கும்போது அவவுக்குத் தெரிவது நீங்கள் இல்லை, அந்த வகுப்பறை. அதனால் சுற்றுச்சூழல், சிக்கனம் என்று அம்மாவோடு விவாதம் செய்யாதீர்கள். அவ சொல்வது உண்மை, அதை உண்மை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

அதோடு இரண்டு விஷயம் செய்யலாம். ஒன்று, மூட்டையாக வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வாங்கியதைப் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை பல்கனியில் வையுங்கள். சொறியை உண்டாக்கும் பூச்சி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. நோய் வரும் என்று அம்மா பயந்தால் அதற்கு இது நேரான பதில். பிறகு பருத்தியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள், கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி ஊற்றினால் பூச்சி உருண்டை மணமும் பழைய மணமும் இறங்கும். பூஞ்சணம் பிடித்ததைத் துவைப்பதற்கு முன் வெளியே வைத்துத் தூரிகையால் தட்டிவிடுங்கள். சாயம் போகக்கூடியதை நிழலில் காயப்போட்டு, தையல் வேலை முடித்து, அயன் பண்ணி, உங்கள் அளவில், உங்கள் உடுப்பாக அம்மாவின் கண்ணில் படட்டும்.

இரண்டாவது, அம்மாவிடம் உதவி கேளுங்கள். அவவின் வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண்களில் கீழ்மடிப்பு எடுக்கத் தெரியாதவர்கள் குறைவு. பொத்தானை அவ தெறி என்றுதான் சொல்வா. ஏழு தெறியையும் அவவின் கையில் கொடுத்து, "அம்மா, இதைத் தைக்கத் தெரியேல்லை, காட்டித் தாங்கோ" என்று கேளுங்கள். எந்தத் தெறி வடிவு என்று அவவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், நீங்களே தைத்துப் பழகுங்கள். கூறைச்சேலையை மட்டும் வெட்டித் தைக்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள். மற்றச் சேலைகளில் ஓரம் கிழிந்தது ஏதாவது இருந்தால், அவவாக எடுத்துத் தந்தால், அந்த மண் நிறப் பாவாடையைக் கடையில் தேடத் தேவையில்லை. ஆறு யார் சேலையில் ஒரு பாவாடை தைத்து, மிச்சத்தில் அம்மாவுக்கும் ஒரு பிளவுஸ் வரும்.